வெளியே: முப்பது மணி

திருவொற்றியூர்
3 பிப்ரவரி 2025

தஸ்னீம்,

நலமா என்று கேட்க மாட்டேன். பெங்களூரில் ஏசி அறையில் உட்கார்ந்து அடுத்தவர் நாளை விழுங்குகிறவர்களுக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது? உன் நம்பரை நான் பிளாக் செய்து மூன்று வருடம் ஆகிறது. அதை எடுக்கும் உத்தேசம் இல்லை. அதனால்தான் தபால். உன் விலாசத்தைத் தண்டையார்பேட்டை கடையில் உன் அண்ணன் சுஹைபிடம் போய் வாங்கினேன். "இன்னா ஹெப்ஸி, சண்ட முடிஞ்சிச்சா?" என்றார். "இல்லண்ணே, இப்பதான் ஆரம்பிக்குது" என்றேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ விட்டுப் போன எண்ணூர் யார்டில், அதே ரீஃபர் வரிசையில்தான் இன்னும் இருக்கிறேன். குளிர்ப்பெட்டி கன்டெய்னருக்கு பிளக் போடுவது, உள்ளே சூடு ஏறுகிறதா என்று பார்த்துப் பார்த்து எழுதுவது, கப்பல் வந்தால் பிளக்கை உருவுவது. ஒப்பந்த வேலை. போன வருடம் யூனியனும் கம்பெனியும் ஒரு கையெழுத்துப் போட்டார்கள்: 2024இல் 240 நாள் வேலைக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளி எல்லோரும் நிரந்தரம், மற்றவர்களின் ஒப்பந்தம் ஏப்ரலோடு சரி. மொத்தம் நாற்பத்தொரு பேர். போன வாரம் நோட்டீஸ் போர்டில் லிஸ்ட் ஒட்டினார்கள். அதில் முப்பத்தைந்து ஆண்கள் பெயர் இருந்தது. ரீஃபர் பெண்கள் ஆறு பேரில் ஒருத்தி பெயர்கூட இல்லை. நான், ஞானபாக்கியம், குப்பம்மா அக்கா, இன்னும் மூன்று பேர், எல்லோரும் வெளியே.

எனக்கு 156 நாள் என்று போட்டிருந்தது. மேனேஜர் பக்தவச்சலத்திடம் போய் நின்றேன். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். "நான் ஒண்ணும் எழுதலம்மா. மெஷின் எண்ணிச்சு. மெஷினுக்கு இன்னா, ஆம்பள பொம்பள தெரியுமா? நைட்டு ஷிஃப்ட்டு வேணும்னு சண்ட போட்டீங்க. வாங்கிகினு வூட்ல படுத்துகினீங்க போல" என்றார். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் பொங்கல் போனஸ் அன்றுகூடப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து என் டைரியை எடுத்து எண்ணினேன். நான் வேலைக்குப் போனது 287 நாள். அதில் நைட் ஷிஃப்ட் 131. இருநூற்று எண்பத்தேழில் நூற்று முப்பத்தொன்று போனால் நூற்று ஐம்பத்தாறு. நான் பார்த்த நைட் அத்தனையும் துடைத்து எடுத்தாற்போல் காணோம். மற்ற ஐந்து பேருக்கும் இதே கதைதான்.

உன் பெங்களூர் கம்பெனி செய்து தரும் அந்த ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. "அறிக்கை வடிவமைப்பு: தஸ்னீம் ஆர்." நான் மூன்று தடவை படித்தேன்.

மார்ச் 14ஆம் தேதி தொழிலாளர் அலுவலர் முன்னால் விசாரணை. அதற்குள் பதில் வேண்டும். என் 131 ராத்திரியை எங்கே கொண்டுபோய் வைத்தாய்?

ஹெப்சிபா


பெங்களூர்
11 பிப்ரவரி 2025

ஹெப்ஸி,

இது மூன்றாவது தாள். முதல் இரண்டையும் கிழித்துவிட்டேன், ஒன்றில் கோபம் அதிகம், ஒன்றில் அழுகை அதிகம்.

நான் யார் நாளையும் விழுங்கவில்லை. யார்டிலிருந்து எது வருகிறதோ அதைத்தான் ரிப்போர்ட் காட்டும். மற்ற எல்லோருக்கும் கேட்டில் விரல் ரேகை வைக்கும் மெஷின். ஈரத்திலும் கிரீஸிலும் ரேகை தேய்ந்து போய், உங்கள் ஆறு பேர் விரலை மட்டும் அது ஏற்பதில்லை. அதனால் உங்கள் வருகையை ரீஃபர் ரெஜிஸ்டரைப் பார்த்து ஆபீஸில் டைப் அடித்து அனுப்புகிறார்கள். அதில் நைட்டுக்கு என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? உள்ளே 22 மணி, வெளியே 30 மணி.

எங்கள் டேட்டாபேஸ் நேரத்துக்கான கட்டத்தில் முப்பது மணியை ஏற்காது, ஹெப்ஸி. 23:59 தாண்டினால் மறுபடி பூஜ்யம்தான். முப்பது என்று வந்தால் அதைப் பொறுத்தவரை அது நேரமே இல்லை. வெளியே போன நேரம் இல்லையென்றால் ஆள் வரவில்லை என்று கணக்கு. விதி அப்படி. மறுநாள் தேதி, காலை 6 மணி என்று ஒழுங்காக எழுதியிருந்தால் இந்த வம்பே இல்லை. தப்பு ரெஜிஸ்டரில் இருக்கிறது, என்னிடம் இல்லை.

நீ ஒன்று கேட்டாய், நானும் ஒன்று கேட்கிறேன். போன ஆகஸ்டில் அத்தா மௌத்தானபோது நீ ஏன் வரவில்லை? நோன்புக் கஞ்சி காய்ச்சினால் முதல் தூக்குவாளி உன் வீட்டுக்குத்தான் என்று பிடிவாதம் பிடித்தவர் அவர். நைட் ஷிஃப்ட் மனுவில் போட்ட கையெழுத்தை நான் திரும்ப வாங்கியது என் கோழைத்தனம், ஒத்துக்கொள்கிறேன். அந்தச் சண்டை என்னோடுதானே? அவர் என்ன செய்தார் உனக்கு? அன்றைக்கு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுதக் கூடாது என்றுதான் இரண்டு தாளைக் கிழித்தேன்.

தஸ்னீம்


திருவொற்றியூர்
16 பிப்ரவரி 2025

தஸ்னீம்,

"ஒழுங்காக" எழுதியிருந்தால் என்கிறாயா? நல்லா இருக்கு நியாயம்.

இந்த யார்டில் நாள் காலை ஆறு மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் முடியும். நைட்டுக்குப் போனவள் நடுவில் பன்னிரண்டு அடித்ததும் தேதியை மாற்றினால், ஒரே பெட்டியின் சூடு ரெஜிஸ்டரில் இரண்டு பக்கமாகப் பிரிந்து விழும். முந்தின பக்கத்தைப் பார்க்காமல் ஒருத்தி பிளக்கை உருவினால் ஒரு கன்டெய்னர் இறால் நாறிப்போகும். அதனால்தான் பன்னிரண்டுக்குப் பிறகும் நிறுத்தாமல் 25, 26 என்று ஏறிக்கொண்டே போய் 30இல் முடிக்கிறோம். ஒரு ஷிஃப்ட், ஒரு பக்கம், ஒரு தேதி. கப்பல்காரர்களே இந்த ரெஜிஸ்டரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள்.

இதையெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது பார். காலையில் வந்ததும் ஆண்கள் எழுதிய நைட் ரெஜிஸ்டரை ஃபேர் காப்பி எடுத்தவள் யார்? 2021 ரெஜிஸ்டரை யார்டு பீரோவிலிருந்து தூசி தட்டி எடுத்தேன். ஏழுக்கு நடுவில் கோடு போடும் உன் எழுத்து, தஸ்னீம். 26, 28, 30. பக்கம் பக்கமாக. ஒன்பது பக்கம் ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். நான் முதல் வாரம் குழம்பி நின்றபோது, "பேஜாராவாதடி, சூரியன் வர்ற வரைக்கும் நேத்துதான்" என்று சொன்னதும் நீதான்.

இனி அத்தா. ஆகஸ்ட் 21 காலை, நைட் முடித்து வேனிலிருந்து இறங்கியதும் செய்தி கேட்டேன். வீட்டுக்குப் போகவில்லை. மஞ்சள் ஜாக்கெட்டும் கிரீஸ் கையுமாக நேரே தண்டையார்பேட்டை வந்தேன். சந்து முழுக்கச் செருப்பு. உள்ளே வந்தால் உன் முகத்தைப் பார்க்க வேண்டும், அதற்கு எனக்குத் தெம்பு இல்லை. தெருமுனை பால் பூத் பக்கத்தில் நின்றேன். ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள். நீ மாடி ஜன்னலில் நின்றாய், முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல். அவர் தெரு திரும்பும் வரை பார்த்துவிட்டு, பூத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனேன்.

ரெஜிஸ்டரில் ஆகஸ்ட் 20ஆம் தேதிப் பக்கத்தில் என் பெயருக்கு நேரே பார். உள்ளே 22, வெளியே 30. அந்த முப்பதாவது மணியில் கிளம்பித்தான் உன் தெருவுக்கு வந்தேன். உன் ரிப்போர்ட்டில் அன்றைக்கு நான் வேலைக்கே வரவில்லை.

ஹெப்சிபா


பெங்களூர்
24 பிப்ரவரி 2025

ஹெப்ஸி,

அந்த ஒன்பது பக்கத்தையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு நாள் லீவு போட்டேன். அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இது உன் எழுத்தாச்சே" என்றாள். பால் பூத் விஷயத்தை அவளிடம் படித்துக் காட்டினேன்.

போன கடிதத்தில் உன்னிடம் பொய் சொன்னேன். முழுப் பொய் இல்லை, பாதி. "விதி அப்படி" என்று எழுதினேன் அல்லவா, அந்த விதியை எழுதியவள் நான்தான்.

2023 டிசம்பரில் இந்த ரிப்போர்ட்டைச் செய்தேன். பதினொன்றரைக்கு உங்கள் ஹெட் ஆபீஸுக்குக் காட்ட வேண்டும். பதினொரு மணிக்கு ஓட்டிப் பார்த்தால் திரை முழுக்கச் சிவப்பு வரி. பக்தவச்சலம் சார் போனில் கத்தினார்: "இன்னாம்மா இது, எங்க பாத்தாலும் செகப்பா கீது? பெரியவங்க பாக்கப் போறாங்க, க்ளீனா காட்டு." ஒரு சிவப்பு வரியைத் திறந்து பார்த்தேன். 30:00 என்று இருந்தது.

புரியாமல் செய்தேன் என்றால் நீ மன்னிக்கலாம். எனக்குப் புரிந்தது, ஹெப்ஸி. பார்த்ததும் சிரித்தேன்கூட, நம்ம யார்டு மணி இங்கேயும் வந்துவிட்டதே என்று. காட்டி முடித்துவிட்டுச் சரி செய்துகொள்ளலாம் என்று நினைத்து ஒரே ஒரு வரி எழுதினேன்: நேரத்தைப் படிக்க முடியாவிட்டால் வரவில்லை என்று எடுத்துக்கொள். சிவப்பு மறைந்தது. பதினொன்றரைக்கு எல்லோரும் கை தட்டினார்கள். மறுநாள் வேறு வேலை வந்தது, அதற்கு மறுநாள் இன்னொன்று. சரி செய்ய வேண்டிய நாள் வரவே இல்லை.

அந்த வரியை எடுத்துவிட்டு இப்போது வேறு விதமாக எழுதிப் பார்த்தேன். மணி இருபத்து நாலோ அதற்கு மேலோ இருந்தால் இருபத்து நாலைக் கழி, தேதியில் ஒரு நாளைக் கூட்டு, ஆனால் வருகையை உள்ளே வந்த தேதியிலேயே வை. பதினோரு நிமிடம் ஆனது. உனக்கு 287. ஞானபாக்கியத்துக்கு 271. குப்பம்மா அக்காவுக்கு 264. ஆறு பேரும் 240ஐத் தாண்டுகிறீர்கள். பதினோரு நிமிட வேலையை ஒரு வருடத்துக்கு மேல் போட்டு வைத்திருந்தேன் என்று நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

நான் சொல்வதைக் கேள். மாதக் கடைசியில் உங்கள் யார்டுக்கு வழக்கமான ஒரு அப்டேட் போகும். அதற்குள் இதைச் சேர்த்துவிடுகிறேன். மார்ச் முதல் தேதி ரிப்போர்ட் தானாகவே சரியாக வரும். யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், விசாரணையில் அந்தப் பேப்பரை நீட்டினால் போதும். வாடிக்கையாளர் விஷயத்தை வெளியே எழுதக் கூடாது என்று என்னிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். எனக்கு இந்த வேலை வேண்டும்.

தஸ்னீம்


திருவொற்றியூர்
26 பிப்ரவரி 2025

தஸ்னீம்,

வேண்டாம். இது உன் கைக்குக் கிடைப்பதற்குள் அதைச் செய்து தொலைத்துவிடப் போகிறாயே என்று ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன்.

எடுத்ததை யாருக்கும் தெரியாமல் திருப்பி வைத்துவிட்டால் எடுக்கவே இல்லை என்று ஆகிவிடுமா? முதல் தேதி ரிப்போர்ட் திடீரென்று 287 என்று சொன்னால் பக்தவச்சலம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாரா? "யாரோ உள்ள பூந்து மாத்திட்டாங்க சார், இதுங்களோட தோஸ்து ஒருத்தி அந்தக் கம்பெனிலதான் கீறா" என்பார். அதிகாரி முன்னால் இரண்டு பேப்பர் இருக்கும், இரண்டும் உன் பேப்பர். எது நிஜம் என்று சொல்ல ஆள் இருக்காது. நாங்கள் திருடிகள் ஆவோம், நீயும்தான்.

அது மட்டும் இல்லை. நைட் வாங்கிவிட்டு வீட்டில் படுத்தோம் என்று அந்த ஆள் யார்டு முழுக்கச் சொல்லிவிட்டார். கேன்டீனில் கிரேன் ஓட்டுகிறவன் என்னைப் பார்த்து, "இன்னா மேடம், தூக்கம் நல்லா வந்திச்சா?" என்கிறான். நான் அந்த 131 ராத்திரியும் கண் கொட்டாமல் நின்றேன். ஐப்பசி மழையில் கரன்ட் கம்பி பக்கத்தில் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு நின்றேன். அது தப்பாக எண்ணப்பட்டது என்று ஒரு ஆள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சத்தம் இல்லாமல் சரியாவதற்கு இது பல்வலி இல்லை.

குப்பம்மா அக்காவிடம் உன் யோசனையைச் சொன்னேன். அவளுக்கு ஐம்பத்து நாலு வயது, இந்த வேலை போனால் வேறு யாரும் சேர்க்க மாட்டார்கள். "எப்பிடியாவது வேல கெடச்சா போதும்டி" என்பாள் என்று பயந்தேன். அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "மூணு வருசம் முன்னாடி ஆறு பேரும் பட்டப்பகல்ல நின்னு கேட்டோம். இப்ப இன்னாத்துக்கு ஒளிஞ்சிகினு வாங்கணும்?" என்றாள்.

அந்த மனு என் பீரோவில்தான் இருக்கிறது. "பெண்களுக்கும் நைட் ஷிஃப்ட் கொடு." ஏழு கையெழுத்து, ஏழாவது மேல் நீயே போட்ட கோடு. "அவ ஜகா வாங்கிட்டா, வுடுடி" என்று ஞானபாக்கியம் அன்றைக்கே சொன்னாள். என்னால் விட முடியவில்லை. வேறு யாராவது வாங்கியிருந்தால் விட்டிருப்பேன்.

அதிகாரிக்கு எழுது. உன் பெயரைப் போட்டு எழுது. அந்த ஒரு வரியை யார், எதற்காக, எத்தனை மணிக்கு எழுதினாள் என்று எழுது. உன் வேலைக்கு ஆபத்து வராது என்று நான் பொய் சொல்ல மாட்டேன், வரலாம். யோசித்து முடிவு செய். இந்தத் தடவை கையெழுத்துப் போட்டால் எடுக்கக் கூடாது, எடுப்பதாக இருந்தால் போடவே போடாதே.

ஹெப்சிபா


பெங்களூர்
6 மார்ச் 2025

ஹெப்ஸி,

அனுப்பிவிட்டேன். அதன் நகல் கீழே.

"தொழிலாளர் அலுவலர் அவர்களுக்கு. எண்ணூர் யார்டின் 2024 வருகை அறிக்கையை வடிவமைத்தவள் நான். ரீஃபர் பிரிவுப் பெண்கள் ஆறு பேரின் இரவு ஷிஃப்ட் நாட்களை அந்த அறிக்கை விடுப்பு என்று காட்டுகிறது. அது தவறு. யார்டின் வழக்கப்படி ரெஜிஸ்டரில் எழுதப்பட்ட முப்பது மணி என்பது மறுநாள் காலை ஆறு மணி. இது எனக்கு முன்பே தெரியும், நானே அங்கே அப்படி எழுதியிருக்கிறேன். தெரிந்தும், அறிக்கை பார்வைக்குச் சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று யார்டு மேலாளர் கேட்டதால், படிக்க முடியாத நேரத்தை வரவில்லை என்று கொள்ளும்படி எழுதினேன். சரியான நாட்கணக்கும் கணக்கிட்ட முறையும் இணைப்பில் உள்ளன. ரெஜிஸ்டரை வைத்து யாரும் கையாலேயே சரிபார்க்கலாம். அழைத்தால் நேரில் வருவேன். தஸ்னீம் ஆர். 5 மார்ச் 2025, 25 மணி 40 நிமிடம்."

நேரத்தைப் பார்த்துச் சிரிக்காதே. எழுதி முடித்தது அப்போதுதான், தேதியை மாற்ற மனம் வரவில்லை.

இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டுத்தான் எங்கள் மேலதிகாரியிடம் சொன்னேன். "முன்னாலேயே ஏன் கேட்கவில்லை?" என்றார். "கேட்டால் வேண்டாம் என்பீர்கள், அதனால்தான்" என்றேன். லேப்டாப்பை வாங்கிக்கொண்டார்கள். மறு உத்தரவு வரும்வரை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். மதியமே வந்து நின்றதைப் பார்த்து அம்மா, "இன்னாடி, தொரத்திட்டானுங்களா?" என்றாள். இன்னும் இல்லை என்றேன். "சரி, சோறு துன்னு" என்று தட்டை வைத்தாள்.

பயமாக இருக்கிறது, ஹெப்ஸி. ஆனாலும் எடுக்க மாட்டேன்.

தஸ்னீம்


திருவொற்றியூர்
18 மார்ச் 2025

தஸ்னீம்,

ஆறு பெயரும் நேற்று நோட்டீஸ் போர்டில் ஏறிவிட்டன. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியை நீ நிம்மதியாகப் படிக்கலாம்.

விசாரணையில் கம்பெனி வக்கீல் உன் கடிதம் செல்லாது, நீ கம்பெனி ஆளே இல்லை என்றார். அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தடவை படித்தார். ஒரு அம்மா அவர், சிரிக்காத முகம். "முப்பது மணின்னா என்னம்மா?" என்று என்னைக் கேட்டார். "விடிகால ஆறு மணி மேடம். நைட்டு பூரா முழிச்சிகினு நின்னவளுக்கு அது முப்பதுதான்" என்றேன். ரெஜிஸ்டரைக் கேட்டு வாங்கி, ஆகஸ்ட் மாதத்தை அவரே பென்சிலால் எண்ணிப் பார்த்தார். உன் கணக்கில் வந்ததேதான் அவருக்கும் வந்தது. பக்தவச்சலத்தைப் பார்த்து, "சுத்தமா தெரியணும்னு கேட்டது நீங்களா?" என்றார். அந்த ஆள் ஃபேனைப் பார்த்தார். குப்பம்மா அக்கா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மெஷினு எண்ணிச்சுன்னாரு மேடம்" என்றாள்.

கம்பெனிக்காரர்கள் திரும்ப எண்ண ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்கள்: இனி ரெஜிஸ்டரில் 26, 30 எல்லாம் எழுதக் கூடாது, ஊர் உலகம் போல எழுத வேண்டும். அதிகாரிகூட அதில் தப்பில்லை என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். ஞானபாக்கியம் என் காலை மிதித்தாள், ஒத்துக்கொள்ளடி என்று. நான் எழுந்தேன். "பெட்டி கெடாம காப்பாத்துறது இந்த எழுத்துதான் மேடம். அத நாங்க மாத்த மாட்டோம். கம்ப்யூட்டருக்குப் புரிய வைக்கப் பதினோரு நிமிசம் போதும்னு லெட்டர் வந்துகீது" என்றேன். அந்த அம்மா முதல் தடவையாகச் சிரித்தார். கடைசியில், இனி வருகிற ஒவ்வொரு ரிப்போர்ட்டின் அடியிலும் ஒரு வரி அச்சாக வேண்டும் என்று உத்தரவில் எழுதிவிட்டார்: "இந்த யார்டில் நாள் காலை 6 மணிக்குத் தொடங்கி 30 மணிக்கு முடியும்." உன் பெயர் இருந்த அதே இடத்தில் அது வரப்போகிறது.

உன் கம்பெனியிலிருந்து என்ன பதில் வந்தது என்று நீ எழுதவில்லை. துரத்தினால் வா. இங்கே வேலை இல்லாவிட்டாலும் சண்டை போட நிறைய விஷயம் இருக்கிறது.

இன்னொன்று. அந்த 2022 மனுவைக் கண்ணாடி போட்டு யூனியன் ஆபீஸில் மாட்டப் போகிறார்களாம். அதை உறையில் வைத்து உனக்கு அனுப்பியிருக்கிறேன், மூலப் பிரதி, பத்திரம். உன் பெயர் மேல் நீ போட்ட கோட்டை யாரும் அழிக்கப் போவதில்லை. அது நடந்தது, அப்படியே இருக்கட்டும். ஆனால் அதற்குக் கீழே இரண்டு விரல்கடை வெள்ளை இடம் இருக்கிறது. ஏழு பேர் கேட்டதை ஆறு பேர் கேட்டதாக மாட்ட எனக்கு மனம் இல்லை. தேதியும் மணியும் போட்டுக் கையெழுத்துப் போடு. எந்த மணியாக இருந்தாலும் இங்கே படிக்கத் தெரியும்.

உன் நம்பர் இன்னும் பிளாக்கில்தான் இருக்கிறது. முதலில் மனு வந்து சேரட்டும்.

ஹெப்ஸி